கணவர் திரும்பி வந்துவிட்டார், பிள்ளை அழுகிறது

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயது, கொம்பனித்தெரு. கணவர் இராணுவத்தில் சாரதி. நான் கர்ப்பமாக இருந்தபோது ஐ.நா. படையோடு லெபனானுக்குப் போனவர், பிள்ளை பிறந்து ஒரு மாதத்தில் வந்தார். மகனுக்கு இப்போது 7 வாரம். மஃரிபுக்குப் பிறகு அழத் தொடங்கினால் பத்து மணி வரை நிறுத்துவதில்லை. உம்மா கண்ணூறு என்கிறார். கணவருக்கு நித்திரை இல்லை, சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழும்புகிறார். போன கிழமை பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து "வாயை மூடு" என்று கத்திவிட்டு, கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உலுக்கவில்லை. ஆனால் எனக்குப் பயம். அவர் அங்கே இருந்தபோது எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. யாரிடமாவது சொன்னால் வேலைக்குப் பாதிப்பு வருமா?

பதில்: மகள், முதலில் அவசரமான விஷயம். என்றைக்காவது, யாராவது, ஒரு முறையேனும் பிள்ளையை உலுக்கியிருந்தால், அல்லது பிள்ளை காரணமில்லாமல் வாந்தி எடுத்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால், லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு உடனே கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அங்கே நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குத் தலை பாரம், கழுத்துப் பலவீனம். உலுக்கும்போது மூளைக்கு மேலே ஓடும் மெல்லிய நாளங்கள் அறுந்து உள்ளே இரத்தம் கசியும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. "கட்டிலிலிருந்து விழுந்தது" என்று பெற்றோர் சொல்லிக்கொண்டிருந்தால் வைத்தியருக்கு நேரம்தான் வீணாகும்.

நீங்கள் எழுதியபடி பார்த்தால் அது நடக்கவில்லை. கோபம் வந்தவர் பிள்ளையைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறார். செய்ய வேண்டியதும் அதுதான். அதை அவரிடம் சொல்லுங்கள், இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அழுகையைப் பற்றி. இரண்டாம் வாரத்தில் கூடத் தொடங்கி, 6 முதல் 8 வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணிவது ஆரோக்கியமான பிள்ளையின் இயல்பு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வில் 6 வாரப் பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம் அழுதார்கள், அதிலும் பெரும்பாலும் மாலையில். முகம் சிவந்து, முஷ்டி இறுகி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழும். பால் கொடுத்தாலும் தூக்கினாலும் நிற்காது. உங்கள் மகன் இப்போது அந்த உச்சத்தில்தான் இருக்கிறான். ஆனால் காய்ச்சல் 100.4 பரனைட்டோ அதற்கு மேலோ இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். உம்மா ஓதிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. வாயில் எதையும் ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இனி, "அவர் அங்கே இருந்தபோது பிரச்சினை இருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். 2001 முதல் 2007 வரை போர்க்களம் போய் வந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க இராணுவத்தினரின், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு முறை மட்டும் போய் வந்தவர்களின் வீடுகளில், பிள்ளை துன்புறுத்தப்படும் ஆபத்து அதிகரித்தது அவர்கள் திரும்பி வந்த முதல் ஆறு மாதத்தில். இரண்டு முறை போனவர்களின் வீடுகளில் வேறு மாதிரி: இரண்டாம் முறை அவர் போயிருக்கும்போதே ஆபத்துக் கூடியது, அதாவது தனியே விடப்பட்ட தாய்தான் அங்கே உடைந்துபோகிறாள். லெபனானில் அமைதி காக்கப் போவதும் ஈராக் யுத்தமும் ஒன்றல்ல. ஆனால் நித்திரை கெட்ட ஒரு மனிதன், தான் பிறப்பைப் பார்க்காத ஒரு பிள்ளை, ஆளில்லாமல் வீட்டை நடத்திப் பழகிவிட்ட மனைவி, இந்த மூன்றும் உங்கள் அறையிலும் இருக்கின்றன.

அமெரிக்க இராணுவத்தில் இதற்கென்றே கர்ப்ப காலம் தொட்டுப் பிள்ளைக்கு மூன்று வயதாகும் வரை தாதி வீட்டுக்கு வரும் இலவசத் திட்டம் உண்டு. வெறும் அறிவுரை போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரசவ வார்டிலேயே பெற்றோருக்கு உலுக்குவதன் ஆபத்தைச் சொல்லிக் கொடுத்த திட்டம் நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் தலைக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அதையே பென்சில்வேனியாவில் செய்தபோது குறையவில்லை. எனக்குத் துண்டுப் பிரசுரத்தைவிட வீட்டுப் படியேறும் ஆளிடம்தான் நம்பிக்கை. நம் ஊரில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார்: நீங்கள் "மிஸ்" என்று கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தர். அவரைப் பலர் நிறை பார்க்கவும் ஊசித் தேதி சொல்லவும் மட்டும் வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வை அறிய 10 கேள்விகள் கேட்பாரே, அதில் "எல்லாம் நல்லம் மிஸ்" என்று சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில் இன்றைக்கே ஒன்று பேசி வையுங்கள். அழுகை இல்லாத பகல் நேரத்தில் பேசுங்கள். அவர் "என்னால ஏலாது" என்று சொன்னால் நீங்கள் ஏன் என்று கேட்கக் கூடாது, பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் அதே உரிமை. வாங்க ஆளில்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, கதவைச் சாத்திவிட்டு, முகம் கழுவி, பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பசி, காய்ச்சல், ஈரம் இல்லையென்று பார்த்தாயிற்று என்றால், பத்து நிமிடம் தனியே அழுவதால் பிள்ளைக்குக் கேடில்லை. உம்மா அருகில் இருக்கிறார் அல்லவா, மஃரிப் முதல் இஷா வரை பிள்ளை அவர் மடியில் இருக்கட்டும். அந்த நேரம் கணவர் வெளியே நடந்துவிட்டு வரட்டும்.

வேலைக்குப் பயம் நியாயமானதுதான். ஆனால் "நித்திரை வருவதில்லை" என்று ஒரு சிப்பாய் வைத்தியரிடம் சொல்வது குற்ற ஒப்புதல் அல்ல. நாரஹேன்பிட்டி இராணுவ வைத்தியசாலைக்கு அவரே போகலாம். வெளியே பேச விரும்பினால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பிள்ளைக்குக் காயம் வந்த பிறகுதான் பொலிஸும் சட்ட வைத்திய அதிகாரியும் வருவார்கள். வேலைக்கு உண்மையான ஆபத்து அங்கேதான்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: அவர் உங்களுக்கு அடிக்கிறாரா? அடித்தால் மேலே சொன்னது போதாது. வீட்டுக்குத் தாதி வரும் திட்டங்களும் வன்முறை மிகுந்த வீடுகளில் பலன் தரவில்லை என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்குச் சொல்லுங்கள், அல்லது வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கும் நட்பு நிலையத்துக்குப் போங்கள். பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய அவசரத்துக்கு 1929, சிறுவர் உதவி இலக்கம்.

அடுத்த கிழமை இரண்டாம் மாத ஊசி வரும். அன்றைக்குப் பிள்ளையைக் கணவர் கையில் கொடுத்துக் கூட்டிப் போங்கள். மிஸ்ஸிடம் "இவர் வெளிநாட்டிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான், இரவில் எங்கள் இருவருக்கும் ஏலவில்லை, ஒரு முறை வீட்டுக்கு வாங்கோ" என்று சொன்னால் போதும், மீதியை அவர் கேட்பார்.