வெயில் வாரம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். மதுரை திருநகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. பள்ளி விட்டதும் சம்மர் கேம்ப் விசாரித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்ட பணம் எங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டியது. சரி, வீட்டிலேயே செய்வோம் என்று நெட்டில் பார்த்து வாரத்துக்கு ஒரு தீம் என்று அட்டவணை போட்டேன். முதல் வாரம் கடல், அடுத்து விண்வெளி, அப்புறம் டைனோசர், பண்ணை விலங்குகள். கலர் பிரிண்ட், சார்ட், ஜிகினா என்று செலவும் செய்தேன்.

கடல் வாரம் புதன்கிழமையோடு முடிந்துவிட்டது. பேப்பர் தட்டில் ஆக்டோபஸ் செய்யச் சொன்னால் மகள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு “அடுத்து?” என்கிறாள். மகன் பசையைத் தரையில் தேய்க்கிறான். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன், ஆர்டர் எல்லாம் தேங்கிக் கிடக்கிறது. கடைசியில் இருவர் கையிலும் போன். மாமியாரோ, “கத்திரி வெயில்ல பிள்ளைகளைப் போட்டு ஏன் படுத்துற, சும்மா விடு” என்கிறார்.

சிறு பிள்ளைகளுக்கு வீட்டில் தீம் வைத்துத் திட்டமிடுவது நடக்கிற காரியமா? கேம்ப்புக்கு அனுப்பாதது தப்பா? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, திருநகர்

*

அன்புள்ள தங்கைக்கு,

நடக்கிற காரியம்தான். உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி சரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஆக்டோபஸ். கடல் வாரத்தில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் மே மாதத்தில் திருநகரில் இருந்துகொண்டு கடலை எங்கே தேடுவது? உங்கள் மகளுக்கு ஆக்டோபஸ் பற்றி ஒரு சந்தேகம் வந்தால், காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது இன்னொரு பிரிண்ட். ஒட்டி முடித்த தட்டு எதற்கும் ஆகாது என்பது ஏழு வயதில் நன்றாகத் தெரியும். “அடுத்து?” என்று கேட்காமல் என்ன செய்வாள்?

தீம் என்பது அம்மாவுக்கு வேண்டியது, பிள்ளைக்கு இல்லை. காலையில் எழுந்ததும் “இன்னைக்கு இதுகளை வச்சு என்ன பண்ண” என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க உங்களுக்கு அது உதவும். பிள்ளைகளுக்கு இது என்ன வாரம் என்று அறிவிக்கக்கூட வேண்டாம். அவர்கள் கண்ணுக்கு வேலை தெரிந்தால் போதும். அதனால் நெட்டில் எது அழகாக இருக்கிறது என்று பார்க்காமல், இந்த மாதம் நம் வீட்டிலும் தெருவிலும் எது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்துத் தலைப்பைப் பிடியுங்கள்.

மதுரையில் மே மாதம் காசில்லாமல் கிடைப்பது வெயில். வெயிலையே முதல் தலைப்பாக வையுங்கள். ஒரு வாரம் என்று கெடு வேண்டாம், பத்து நாள் ஓடினாலும் ஓடட்டும்.

வத்தலில் தொடங்குங்கள். உங்கள் மாமியாருக்கு ஒரு கைப்பக்குவம் இருக்கும், அவரிடம் கேளுங்கள். முதல் நாள் இரவே கூழ் காய்ச்சி, உப்பும் பச்சைமிளகாயும் சீரகமும் பெருங்காயமும் போட்டு மூடி வைத்துவிட வேண்டியது. காலையில் ஏழு ஏழரைக்குள் மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, ஆளுக்கு ஒரு கரண்டி. கூழ் ஆறியிருக்கும், கை சுடாது. நாலு வயசுக்காரன் ஊற்றுவது வட்டமாக வராது. ஒன்று நாய் மாதிரி இருக்கும், ஒன்று இலங்கை மாதிரி இருக்கும். விடுங்கள், எண்ணெயில் போட்டால் எல்லாம் ஒரே ருசிதான். மகளிடம் பென்சிலைக் கொடுத்து, அவள் ஊற்றிய ஒரு வத்தலைச் சுற்றி வேட்டியிலேயே கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் வத்தல் கோட்டை விட்டு உள்ளே சுருங்கியிருக்கும். தண்ணீர் எங்கே போனது என்று அவளே கேட்பாள். கேட்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

அப்புறம் காகம். கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காகம் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வேட்டியின் ஒரு ஓரத்தில் குடையை வைத்து, மறு ஓரத்தை அப்படியே விட்டு, எந்தப் பக்கம் வத்தல் குறைகிறது என்று பிள்ளைகள் மாடிப்படி நிழலில் உட்கார்ந்து பார்க்கட்டும். காவலுக்கு உட்கார்ந்தவர்களே பாதி காய்ந்த வத்தலைப் பிய்த்துத் தின்பார்கள். மேலே தோல் கட்டி, உள்ளே இன்னும் கொழகொழவென்று, உப்பும் உறைப்புமாக இருக்கும் அந்தப் பதம் கடையில் கிடைக்காது. காகத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து உரிப்பதும் சின்னக் கைகளுக்கு ஏற்ற வேலைதான். அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு ஜாக்கெட்டுக்கு வெட்டி முடித்துவிடலாம். பாட்டிதானே கூட இருக்கிறார்.

அடுத்தது நிழல். ஒரு டப்பாவில் மண்ணைப் போட்டு ஓரடிக் குச்சியை நேராக நட்டு மாடியில் வையுங்கள். காலை எட்டு மணிக்கு நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி. பத்து மணிக்கு ஒன்று, பகல் 12.15-க்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று. நம் ஊரில் உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருப்பதால், மேற்கே தள்ளி இருக்கும் மதுரையில் கால் மணி நேரம் பிந்தித்தான் வரும். இன்னொன்று, பெரியவர்களே கவனித்திராதது: மே மாத நடுப்பகலில் இங்கே நிழல் தெற்குப் பக்கம் விழும். ஏப்ரல் 16 வாக்கில் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கிறது, அன்று நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இராது. பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மே நடுவில் ஓரடிக் குச்சியின் நிழல் இரண்டு அங்குலம்கூடத் தேறாது. மகளை நோட்டில் அளந்து எழுதச் சொல்லுங்கள். மகனுக்கு அளவெல்லாம் வேண்டாம், தன் நிழலை மிதிக்க முடிகிறதா என்று ஓடிப் பார்ப்பான். 12.15-க்கு மாடிக்குப் போவது ஐந்து நிமிடம்தான், செருப்புக் காலோடும் தொப்பியோடும். சூரியனை அண்ணாந்து பார்க்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெள்ளைத் துணியில் ஒரு ஐஸ் கட்டி, கறுப்புத் துணியில் ஒரு ஐஸ் கட்டி, எது முதலில் உருகுகிறது? பத்து நிமிட வேலை, மூன்று நாளைக்குத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கேட்டால் திரும்பச் செய்யுங்கள். அட்டவணையில் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரம் நமக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை.

நீங்கள் தைப்பவர் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். வெட்டிப் போட்ட வெள்ளைக் காட்டன் லைனிங் துண்டுகள் வீட்டில் கிடக்கும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் துண்டை முக்கி, நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் ஒரு வேப்பிலைக் கொத்தை அதன்மேல் பரப்பி, தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, நாலு மூலையிலும் துணி கிளிப் போட்டு வெயிலில் வையுங்கள். காலையில் வைத்தால் மூன்று மணிக்கு எடுக்கலாம். சட்டையில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் போட்டால் போய்விடும் என்று நமக்குத் தெரியும், இல்லையா? அதேதான் இங்கும். வெயில் பட்ட இடம் வெளிறிப்போயிருக்கும், இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். ஒவ்வொரு பல்லும் தெரியும் வேப்பிலைப் படம். மறுநாள் அதே துண்டில் ஒரு ஓரமாகச் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இந்தக் கணக்கில்தான் என்று மகளிடம் சொல்லலாம். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

அங்கிருந்து சுங்குடிக்குப் போவது எளிது. துணியில் உளுந்தையோ கொண்டைக்கடலையையோ வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்தால் கட்டிய இடம் வெள்ளை வட்டமாக நிற்கும். மகள் கட்டட்டும், மகன் முக்கட்டும். கடலை மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வயதுக்கு மூக்கும் ஒரு டப்பாதான். சௌராஷ்டிரக் குடும்பங்கள் மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உங்களிடமே ஒரு சுங்குடிச் சேலை இருந்தால் அதை விரித்துப் புள்ளிகளை எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடிக்க மாட்டார்கள்.

அடுத்த தலைப்பு வைகையில் இறங்கும் அழகர். சித்திரைத் திருவிழா முடிந்துவிட்டதே என்று யோசிக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு முடியவே முடியாது. சமையலறை அழகர்கோவில், ஹால் தல்லாகுளம், குளியலறை வாசல் வைகை. தரையில் சாக்பீஸால் பாதை. நடுவில் ஒவ்வொரு நாற்காலியும் ஒரு மண்டகப்படி, நின்று ஆளுக்கு ஒரு வாய் பானகம். தலையணைதான் தங்கக் குதிரை. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வரும் கூட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலை, ஆற்றில் இறங்கிய பிறகு தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் என்று ஒரு நாளைக்கு ஒரு கதை கிடைக்கும். தவளையாக இருக்கத் தம்பி முந்திக்கொள்வான் என்று நினைக்கிறேன். தண்ணீர் பீய்ச்சாமல் அழகர் இல்லை. பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுக் கொடுங்கள், விளையாட்டை மட்டும் மாடிக்கு மாற்றிவிடுங்கள். தையல் மெஷின் நனைந்தால் என்னைத் திட்டுவீர்கள்.

விளையாட்டு என்றே ஒரு தலைப்பு வைக்கலாம். இதைப் பாட்டி பொறுப்பில் விடுங்கள். பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டையில் பதினான்கு குழியை வெட்டி எடுத்துப் புளியங்கொட்டை போட்டு ஆடலாம். சொட்டாங்கல், தாயம், பாண்டி எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஒரு நாள் கீழடிக்குக் கூட்டிப்போங்கள். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சுமார், 2023-ல் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். அங்கே பகடைக்காயும், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. பாண்டி ஆடிப் பழகிய பிறகு போனால் அந்தச் சில்லு முன்னால் உங்கள் மகள் நிற்பாள். ஆடாமல் போனால் ஏதோ ஓட்டாஞ்சல்லி என்று நடந்துவிடுவாள். அதனால் முதலில் வீட்டில் ஆட்டம், அப்புறம் பஸ்.

வெயில் தாங்காத நாளுக்கு, புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப்பகுதி, ஏசி வேறு.

இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். “சும்மா விடு” என்பது சரி, ஆனால் நாள் முழுக்க இல்லை. காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் ஒரே ஒரு வேலை. ஒரு நாளைக்கு ஒன்று போதும். பத்து மணிக்கு மேல் அவர்கள் பாடு. தரையில் உருளட்டும், சண்டை போடட்டும், “போரடிக்குது” என்று உங்கள் மெஷினைச் சுற்றி வரட்டும். பதில் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் துணிக்கட்டை இழுத்துக் கடை வைப்பார்கள். நாள் முழுக்கக் கட்டம் போட்ட அட்டவணையை ஒரு அம்மா தனியாக ஓட்ட முடியாது. கேம்ப்பில் அதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

போனை ஒளித்து வைக்க வேண்டாம், நேரம் குறித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹாலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி நாலு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. டைனோசர் வாரத்தை அந்த நேரத்துக்குத் தள்ளிவிடலாம், பிரிண்ட் எடுத்த காசும் வீணாகாது. உங்கள் மகனுக்கு உண்மையிலேயே டைனோசர் பைத்தியம் என்றால் நான் சொன்ன வத்தலையும் நிழலையும் ஓரமாக வைத்துவிட்டு அதையே பிடியுங்கள். பிள்ளை தானாக ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதற்கு மேல் எந்தத் தீமும் கிடையாது.

கேம்ப்புக்கு அனுப்பாதது தப்பில்லை. ஓவியம், கைவேலை, ஸ்டோரி டெல்லிங் என்று அவர்கள் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வீட்டில் சொல்லித்தர முடியாதது நீச்சல். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதற்கு மட்டும் செலவழியுங்கள். நம்மைச் சுற்றிக் கண்மாயும் கிணறும் வாய்க்காலும் இருக்கின்றன, லீவுக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் தண்ணீரில் தவறும் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. ஏழு வயது சரியான வயது. மகளைச் சேருங்கள், தம்பி அடுத்த வருடம் பார்க்கலாம். சேர்க்கும்போது காலை முதல் பேட்ச் கேளுங்கள், வெயிலும் ஏறியிருக்காது, கூட்டமும் குறைவு. சொல்லிக்கொடுப்பவர் தண்ணீருக்குள் இறங்கிச் சொல்லித்தருகிறாரா, கரையில் நின்று விசில் மட்டும் ஊதுகிறாரா என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா