அயோடின் மருந்தை ஏன் முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது? வீட்டில் குழந்தை இருந்தால் என்ன செய்வது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் என் அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய்க்காக ஆபரேஷன் முடிந்தது. அடுத்து கோவையில் அயோடின் கேப்ஸ்யூல் 100 மில்லிகியூரி கொடுக்க வேண்டும், சில நாள் தனி அறையில் இருக்க வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டு, நாங்கள் அவினாசி தாண்டும்போது போன் போட்டு, "மருந்து வரலைங்க, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்துதானே, முன்னாடியே வாங்கி வைத்தால் என்ன? ஆபரேஷனுக்கு முன் ஸ்கேனுக்கு ஊசி போட்ட அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது மட்டும் ஏன் தனி அறை? திருப்பூரில் இருக்கும் நான் ஆபரேஷனிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். என் இரண்டு வயது மகன் அம்மாயி மடியை விட்டு இறங்க மாட்டான். அம்மாதான் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். கக்கூஸ் தண்ணீர் கிணற்றுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் செப்டிக் டேங்குக்குப் போகிறது. அணு உலையில் செய்த மருந்து என்று அக்கம்பக்கத்தில் வேறு பயமுறுத்துகிறார்கள். – ஒரு வாசகி

பதில்: அணு உலையில் செய்த மருந்துதான், அக்கம்பக்கத்தார் சொல்வதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் பதில் ஒரே கணக்கில் இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுக்கப்போகும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். அடுத்த எட்டு நாளில் அந்தப் பாதியில் பாதி. பள்ளிக்கூடத்தில் அரை ஆயுட்காலம் என்று படித்திருப்பீர்கள். அணு மருத்துவப் பிரிவில் எங்களுடைய முழு நாளும் இந்தக் கணக்கைச் சுற்றியே ஓடுகிறது.

முதலில் தேதி விஷயம். காய்ச்சல் மாத்திரைக்குக் காலாவதித் தேதி என்று ஒன்று அச்சிட்டிருக்கும். அதுவரை மருந்து அப்படியே இருக்கும். அயோடின் வரும் ஈயக் கலத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு நாளும் நேரமும் போட்டிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது 100 மில்லிகியூரி என்று அதற்கு அர்த்தம். மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. அதை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்தால் 55 தான் இருக்கும். இருபத்துநான்கு நாள் போனால் எட்டில் ஒரு பங்கு. அதனால் எந்த மருத்துவமனையும் இதை வாங்கி அடுக்கி வைப்பதில்லை. நோயாளியின் டோஸைக் கணக்குப் போட்டு, கொடுக்கும் நாளைக் குறித்து ஆர்டர் போடுவோம்.

அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தாமதத்தின் காரணமும் விளங்கும். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் துருவா என்று ஓர் ஆராய்ச்சி உலை இருக்கிறது. 1985-ல் இயங்கத் தொடங்கியது. 100 மெகாவாட் வெப்பத் திறன் கொண்டது. ஆனால் கூடங்குளம் மாதிரி மின்சாரம் எடுப்பதற்கானது அல்ல, நியூட்ரான் என்ற அணுத்துகளை உண்டாக்குவதற்கானது. டெல்லூரியம் ஆக்சைடு பொடியை அலுமினிய டப்பியில் அடைத்து அதனுள் இறக்குவார்கள். டெல்லூரியம்-130 ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு டெல்லூரியம்-131 ஆகும். அது நிலைக்காது, 25 நிமிட அரை ஆயுளில் பீட்டா கதிரை விட்டுவிட்டு அயோடின்-131 ஆக மாறும். டப்பியை மாதக்கணக்கில் உள்ளேயே வைத்தால் நிறைய கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்காது. ஒரு மாதம் போனால் புதிதாக உண்டாவதும் சிதைவதும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். அதற்கப்புறம் வைப்பது உலையின் இடத்தை அடைப்பதுதான்.

வெளியே எடுத்த பொடியை ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று, இயந்திரக் கைகளால் கையாண்டு, மின் அடுப்பிலிட்டுச் சூடாக்குவார்கள். டெல்லூரியம் அங்கேயே கிடக்கும், அயோடின் மட்டும் ஆவியாகக் கிளம்பும். அதைக் காரக் கரைசலில் பிடித்தால் சோடியம் அயோடைடு. வேதிப்பொருளாகப் பார்த்தால், நாம் தினமும் சாப்பிடும் உப்பில் கலக்கும் அயோடினுக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. தைராய்டு செல்லும் வித்தியாசம் தெரியாமல்தான் இதை இழுத்துக்கொள்கிறது. 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் முதன்முதலாக ஒரு தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்ததிலிருந்து இந்தச் சிகிச்சையின் அடிப்படை மாறவில்லை. நம் நாட்டில் விநியோகம் நவி மும்பையிலுள்ள கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியத்தின் வேலை. சுருக்கமாக பிரிட் என்போம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் உண்டு.

உலை பராமரிப்புக்காக நின்றாலோ, விமானத்தில் சரக்கு ஏறாமல் போனாலோ கோவையில் ஒரு வியாழக்கிழமை தவறும். 2009-ல் கனடாவின் சாக் ரிவர் உலையில் கசிவு ஏற்பட்டு ஓராண்டுக்கு மேல் நின்றபோது, ஸ்கேனுக்குப் பயன்படும் வேறொரு ஐசோடோப்புக்கு (இதே மாதிரி கதிரியக்கப் பொருளுக்கு) உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்து பணக்கார நாடுகளிலேயே ஸ்கேன்களைத் தள்ளிப்போட்டார்கள். ஆனாலும் அவினாசி தாண்டிய பிறகு போன் செய்வது சரியில்லை. சரக்கு விமானத்தில் ஏறியதா இல்லையா என்பது பெரும்பாலும் முந்தின நாளே தெரிந்துவிடும். அடுத்த முறை புதன்கிழமை சாயங்காலமே நீங்கள் கூப்பிட்டு, "டோஸ் கிளம்பிருச்சுங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி தள்ளிப்போனதில் அம்மாவுக்கு இருக்கும் உண்மையான சிரமம் வேறு. தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைத்திருப்பார்கள்; உடம்பு சோர்ந்து, மலச்சிக்கலும் குளிரும் வாட்டும். மாத்திரையை நீங்களாக மறுபடி தொடங்க வேண்டாம். இன்னும் ஒரு வாரம் தாங்குவாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். அயோடின் குறைந்த சாப்பாட்டையும் விடாமல் தொடர வேண்டும். செல்களை அயோடினுக்குப் பசியோடு வைத்திருந்தால்தான் கேப்ஸ்யூல் போய்ச் சேரும். கம்மஞ்சோறு சாப்பிடலாம், அதில் மோர் ஊற்றக் கூடாது. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கலாம், அயோடின் சேர்க்காத உப்பில். கல் உப்பென்றால் அயோடின் இருக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பால், தயிர், முட்டை மஞ்சள் கரு, மீன், கருவாடு, பேக்கரிப் பண்டம், ஓட்டல் சாப்பாடு எதுவும் ஆகாது. புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தும் கூடாது. சமீபத்தில் சாய ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தச் சாயத்தில் இருக்கும் அயோடின் ஒன்றே முழுச் சிகிச்சையையும் வீணாக்கப் போதும்.

ஸ்கேன் ஊசியோடு ஒப்பிட்டுக் கேட்டது நல்ல கேள்வி. அது அனேகமாக டெக்னீசியம்-99எம் ஆக இருந்திருக்கும். அரை ஆயுள் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளை மும்பையிலிருந்து அனுப்ப முடியாது, அதனால் அதன் தாயை அனுப்புகிறார்கள்: 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99. ஈயத்துக்குள் பொதிந்த சின்னக் குழாயில், அலுமினாப் பொடியில் அது ஒட்டியிருக்கும். சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறும். காலையில் உப்பு நீரை உள்ளே விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும், மாலிப்டினம் அங்கேயே நிற்கும். ஒருமுறை எடுத்தால் மறுபடி முழு அளவு ஊற ஏறக்குறைய ஒரு நாள். காங்கேயம் மாட்டைக் காலையில் கறந்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி கறப்பது போலத்தான். நாங்களும் கறப்பது என்றே பேசிக்கொள்வோம். வாரக் கடைசியில் மாடு வற்றிவிடும், திங்கட்கிழமை வேறு மாடு வரும்.

அந்த ஊசியில் போகும் அளவும் சில மில்லிகியூரிதான். அது விடுவது 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிர்; கேமராவுக்குப் படம் கிடைக்கும், திசுவைச் சுட அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மறுநாள் இதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அயோடின்-131 அப்படியில்லை. அது பீட்டா கதிரை விடுகிறது. பீட்டா, திசுவுக்குள் அதிகம் போனால் 2 மில்லிமீட்டர் தூரம் போகும், அதற்குள் தன் சக்தி முழுவதையும் இறக்கிவிடும். ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்லைச் சுடுவது அதுதான். கூடவே வரும் 364 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா உடம்பைத் துளைத்து வெளியே வந்து பக்கத்தில் இருப்பவர் மேல் படும். அதனால்தான் தனி அறை.

அந்த அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கிணற்றுக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. தைராய்டு எடுத்துவிட்டவர் உடம்பில் இந்த அயோடின் தங்க இடம் குறைவு. பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். அந்த அறையின் கழிப்பறைக் குழாய் ஊர்ச் சாக்கடைக்குப் போகாது. கீழே தனித் தொட்டிகள் இருக்கும். ஒன்று நிரம்பினால் வால்வை அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்புவோம். அடைத்த தொட்டியை வாரக்கணக்கில் சும்மா போட்டு வைத்து, அளந்து பார்த்த பிறகே திறப்போம். அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் முன்பும் ஒரு மீட்டர் தூரத்தில் அளவுக் கருவியைப் பிடித்துப் பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்புக்குக் கீழே வந்தால்தான் டிஸ்சார்ஜ். ஆக, வீட்டுக்கு வரும்போது அவரிடம் இருப்பது மிச்சம் மீதிதான். அதிலிருந்தும் செப்டிக் டேங்குக்குப் போவது, 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கிணற்றை நினைத்துப் பயப்பட வேண்டாம். முதல் ஒரு வாரம் காட்டுப் பக்கம் ஒதுங்காமல் கக்கூஸையே பயன்படுத்தட்டும், உட்கார்ந்தே போகட்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி தண்ணீர் தாராளமாக ஊற்றட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். தண்ணீரும் நிறையக் குடிக்கட்டும்.

மாடு விஷயத்தில் அக்கம்பக்கத்தார் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. 1986-ல் செர்னோபில் விபத்தில் காற்றில் பரவிய அயோடின்-131 புல்லில் படிந்தது, புல்லை மாடு மேய்ந்தது, பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். பிற்பாடு தைராய்டு புற்றுநோய் அந்தக் குழந்தைகளில் கூடியது. உங்கள் தோட்டத்தில் அப்படி எதுவும் நடக்காது, அம்மா உடம்பிலிருந்து மாட்டுக்குள் போக வழியில்லை. ஆனால் வியர்வையிலும் எச்சிலிலும் கொஞ்சம் வரும், பால் பாத்திரத்தில் கை படும். அதுவும் சொசைட்டிக்கு ஊற்றும் பால். பத்து நாள் வேறு யாராவது கறக்கட்டும். மாத்திரை நிறுத்திய சோர்வில் அவரால் குந்தி உட்கார்ந்து கறக்க முடியுமா என்பதும் சந்தேகமே. மற்றவர்களுக்குச் சமைப்பதையும் அந்த நாட்களில் விட்டுவிடலாம். அவருடைய தட்டு, டம்ளர், துணி, துண்டு எல்லாவற்றையும் தனியாகக் கழுவினால் போதும். தூக்கிப் போட வேண்டியதில்லை.

பேரன்தான் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஆள். குழந்தையின் தைராய்டு சின்னது, கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும். ஒரு மீட்டரில் படுவதில் கால் பங்குதான் இரண்டு மீட்டரில் படும். மடியிலோ தூரமே கிடையாது. பெரியவர்கள் ஒரே வீட்டில் ஆறடி தள்ளிப் பழகிக்கொள்ளலாம், இரவில் தனி அறையில் படுத்தால் போதும். இரண்டு வயதுப் பையனிடம் அதைச் சொல்லி நடக்காது. அவனை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு "கிட்டப் போகாதே" என்று நாளெல்லாம் பிடித்து இழுப்பதைவிட, டிஸ்சார்ஜுக்கு முன்பே நீங்கள் அவனோடு திருப்பூர் போய்விடுவது நல்லது. எத்தனை நாள் என்பதை அளவு பார்த்து மருத்துவமனையே எழுதித் தரும். சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு வாரம். வீடியோ காலில் அம்மாயி முகம் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. உறவில் கர்ப்பிணிகள் இருந்தால் நலம் விசாரிக்க அவர்களும் இந்த நாட்களில் வர வேண்டாம்.

திரும்பும்போது பஸ் வேண்டாம். காரில் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் பின் சீட்டில் அம்மா தனியாக உட்காரட்டும்.

பயமுறுத்துபவர்களிடம் இதையும் சொல்லலாம்: ஐசோடோப்பு கோவைக்கு நேற்று வந்ததல்ல. ஃபவுண்டரியில் வார்த்த வால்வுக்குள் ஓட்டை இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்க இரிடியம்-192 பயன்படுகிறது, அரை ஆயுள் 74 நாள். புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் கோபால்ட்-60 ஐந்தே கால் ஆண்டு. வேலைக்குத் தகுந்த ஆயுளாகப் பார்த்து எடுக்கிறார்கள். உடம்புக்குள் போக வேண்டியதற்குச் சில மணி நேரம், சில நாள் என்று குறைந்த ஆயுள் கொண்டதே வேண்டும்.

கேப்ஸ்யூல் விழுங்கிச் சில நாள் கழித்து ஒரு ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள். அதற்குப் புது ஊசி எதுவும் கிடையாது. உள்ளே மிச்சமிருக்கும் அதே அயோடினின் காமா கதிரை வைத்தே, அது கழுத்தில் மட்டும் தங்கியதா, வேறெங்கும் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள், அப்புறம் போனால் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. டிஸ்சார்ஜ் சீட்டை அம்மா ஒரு மூன்று மாதம் பையிலேயே வைத்திருக்கட்டும். அதற்குள் விமானப் பயணம் ஏதாவது இருந்தால், அங்கிருக்கும் கதிரியக்கக் கருவி அவரைக் கண்டு ஒலி எழுப்பக்கூடும். சீட்டைக் காட்டினால் விட்டுவிடுவார்கள்.