சாலாய் மீனில் டிப்: நாரும் தண்ணீரும் ஏன் வந்தன?

கேள்வி: தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் புகைமீன் டிப் செய்தேன். பகாவ் ஊர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கெளுத்தி சாலாயை, அதாவது புகையில் வாட்டிய கெளுத்தி மீனை, உதிர்த்து, கிரீம் சீஸ், தயிர், எலுமிச்சைச் சாறோடு மிக்சியில் அரைத்தேன். மீன் நார் நாராகப் பல்லில் சிக்கியது. ஒரு மணி நேரத்தில் ஓரமெல்லாம் தண்ணீர். எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, அக்கா. நீங்கள் பார்த்துச் செய்த செய்முறை வேறு மீனுக்கானது. வெளிநாட்டு டிப்பில் போடும் புகைமீன் எண்ணெய்ப் பசையோடு மெத்தென்று இருக்கும். அப்படியே உதிர்த்துப் போடலாம். நம் சாலாய், புகையிலேயே ஈரம் வற்ற வாட்டியது. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) அதை மாசாக் லெமாக் என்கிற தேங்காய்ப்பால் குழம்பில் போடும்போது தேங்காய்ப்பால் கொதித்து மீனுக்குள் ஏறிவிடும். டிப்பில் கொதி கிடையாதே! அதனால் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

கருகாமல் பொன்பழுப்பாக இருக்கிற மீனாகப் பார்த்து வாங்குங்கள். கொதிநீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, நீரைக் கொட்டிவிட்டு, இட்லிச் சட்டியில் கால் மணி நேரம் ஆவி காட்டுங்கள். வெளியில் தொங்கிக் கிடந்த மீன் என்பதால் சுத்தத்துக்கும் அது நல்லது. கரி பிடித்த தோலை உரித்துவிடுங்கள், கசப்பு அதில்தான். அப்புறம் சதையை விரலால் தடவித் தடவி முள் பார்த்து, இரண்டு கரண்டி சூடான பாலில் பிசறி ஆற விடுங்கள். நார் தளர்ந்து, அழுத்தினால் மசியும்.

இனி தண்ணீர் விஷயம். மிக்சி ஓட ஓட தயிர் உடைந்து நீர் பிரியும், கிரீம் சீஸும் சூடேறி இளகும். மிக்சியை மறந்துவிடுங்கள், முள்கரண்டி போதும். 250 கிராம் கிரீம் சீஸை அரை மணி நேரம் வெளியில் வைத்து, கட்டியில்லாமல் குழையுங்கள். முதல்நாள் இரவே துணியில் கட்டி ஃபிரிட்ஜில் வடிய விட்ட தயிர் நான்கு கரண்டி, மீன் 200 கிராம், நுணுக்கிய மிளகு, ஒரு சிலி பாடி (காரமான சின்ன மிளகாய்) சேருங்கள். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். வெங்காயமும் தண்ணீர் விடும். சாறு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். எலுமிச்சையைவிடக் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) எனக்குப் பிடிக்கும், புகை வாசத்தை அமுக்காது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். சீஸிலேயே உப்பு உண்டு.

இரண்டு மணி நேரமாவது குளிர வையுங்கள். பந்தலடியில் மேசை போட்டால், முழுவதையும் ஒரே கிண்ணத்தில் வைக்காதீர்கள். பாதியை ஐஸ்கட்டி நிரப்பிய தட்டின்மேல் வையுங்கள், மீதி ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். 32 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் மீனும் பாலும் கலந்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. மேசையில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

தொட்டுக்கொள்ள கிரீம் கிராக்கர், வெள்ளரித் துண்டு வைக்கலாம். என் ஓட்டு தட்டைக்கு. முறுக்கு பாதியில் உடைந்து கிண்ணத்துக்குள் விழும். அதை எடுக்கப் பிள்ளைகள் விரலை விடுவார்கள்.