சிறு கடல்நீர்த் தொட்டியில் நீரோட்டமும் மணலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, தொட்டியின் அடியிலுள்ள மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதைப் பற்றியவை.

கேள்வி: 90 லீற்றர் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் உள்ளன. மணிக்கு 4000 லீற்றர் நீரைத் தள்ளும் வேவ் மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) ஒன்றைப் பொருத்திய நாள் முதல் ஒரு மூலையில் கண்ணாடி தெரியுமளவுக்குப் பள்ளமும் மறு மூலையில் மணல் மேடும் உண்டாகின்றன. பம்பை நிறுத்திவிடலாமா? (கல்லடி)

நிறுத்த வேண்டாம். நீரோட்டம் நின்றால் மீன்களுக்கு ஒட்சிசன் குறையும்; பவளங்களின் மேல் அழுக்குப் படியும். ஆனால் உங்கள் பம்பு, தொட்டியின் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ 44 மடங்கு நீரை ஒரு மணி நேரத்தில் சுழற்றுகிறது. மென்பவளங்கள் உள்ள தொட்டிக்கு 10 முதல் 20 மடங்கு போதும். வேகத்தைக் குறைக்கும் வசதி அதில் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள்; இல்லையெனில் மணிக்கு 1500 லீற்றர் அளவிலான பம்பு உங்களுக்குப் பொருந்தும்.

அதைவிட முக்கியமானது, நீர் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பதாகும். பள்ளம் பெரும்பாலும் பம்பின் நேர் கீழே விழுவதில்லை. பாய்ந்து சென்ற நீர் எதிர்க்கண்ணாடியில் மோதி, கீழ்நோக்கித் திரும்பி, அடித்தளத்தை உரசிக்கொண்டு மீள்வதால் எதிர்க்கண்ணாடியின் அடிப்பகுதியே முதலில் அரிக்கப்படுகிறது. இரண்டு கற்களுக்கிடையே குறுகிய இடைவெளி இருந்தால், அதற்குள் புகும் நீர் வேகம் கூடி அங்கும் குழி தோண்டும். மட்டக்களப்பு வாவி கடலில் கலக்கும் பாலமீன்மடு முகத்துவாரத்தில் வாவி நீர் பலமாகப் பாயும்போது மணல்திட்டு அறுபடுவதும், ஓட்டம் தளர்ந்த மாதங்களில் மீண்டும் மணல் சேர்ந்து வாய் அடைபடுவதும் இதே காரணத்தால்தான். வேகமான இடத்தில் மணல் கிளம்பும்; தளர்ந்த இடத்தில் படியும்.

ஆகவே பம்பை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மேற்பரப்பு மெல்ல அலையும்படி சிறிது மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். நேர் எதிரேயுள்ள கண்ணாடியை நோக்காமல் முன்கண்ணாடியைச் சாய்வாக நோக்கும்படி திருப்பினால், நீர் அகலமாகப் பரவி வலுவிழந்த பின்னரே அடியை அடையும். குறுகிய வாயுள்ள பம்பு, அதே அளவு நீரை மெல்லிய தாரையாக்கிப் பீச்சுவதால் மணலை அதிகம் கிளப்பும். அகன்ற விசிறியுள்ள பம்பில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு தடவையும் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, இரண்டு நாட்கள் பார்த்த பின்னரே அடுத்ததைச் செய்யுங்கள். மணலைத் தினமும் கையால் சமப்படுத்தினால் எந்த மாற்றம் பலன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

கேள்வி: கடற்கரை மணலையே கழுவிப் போடலாமா? பாசிக்குடாவின் வெண்மணல் இன்னும் நல்லது என்கிறார்களே? (சாய்ந்தமருது)

இரண்டும் வேண்டாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ், கரையோர வலயத்தில் மணல் அகழ்வதற்கு அனுமதி தேவை. வெண்மணலோடு அள்ளப்படக்கூடிய கல்பவளங்களோ தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படுபவை. ஏற்கெனவே நலிந்துபோன பாசிக்குடாப் பவளத்திட்டில் கிடக்கும் துண்டுகளை வீட்டுத் தொட்டிக்காக அள்ளுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் அந்த மணல் தொட்டிக்கு ஏற்றதன்று. நம் கரையோர மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். அது நீரின் காரத்தன்மை குறையாமல் காக்க உதவாது. கருமணல் கலந்திருந்தால், அதிலுள்ள காந்தத்தால் ஈர்க்கப்படும் துகள்கள் பம்பின் சுழலியில் ஒட்டிக்கொண்டு அச்சைத் தேய்க்கும். காந்தத் துடைப்பானில் ஒட்டினால் கண்ணாடியைக் கீறும். மீன் கடைகளில் கிடைக்கும் அரகொனைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக் கனிமம்) மணலில் 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை பருமனுள்ளதை வாங்குங்கள். சீனி போன்ற நுண்மணல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிறிய தொட்டியில் அதை அடக்கி வைப்பது கடினம். பருமனும் நுண்மையும் கலந்த மணலில் முதற் சில வாரங்களில் நுண்மணல் விலகி, பருமணல் மேலே ஒரு கவசமாகப் படிந்துவிடும். அதுவரை பொறுத்திருங்கள்.

கேள்வி: மணலின் மேல் பழுப்பும் சிவப்புமாக ஒரு படலம் படர்கிறது. நீரோட்டம் போதவில்லையா? (அக்கரைப்பற்று)

தூசி போன்ற பழுப்புப் படிவு, புதிய தொட்டிகளில் வரும் டயற்றம் பாசி; பெரும்பாலும் தானாகவே மறையும். சிவப்பு அல்லது ஊதா நிறத்தில், குமிழிகளுடன் தோல் போல உரிந்து வருவது சயனோபக்டீரியா. அது நீர் தேங்கும் மூலைகளை விரும்புவது உண்மை. எனினும் மிஞ்சிய தீவனத்தால் நைட்ரேற்றும் பொஸ்பேற்றும் கூடியிருந்தால் நீரோட்டம் மட்டும் அதைத் தீர்க்காது. நீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுங்கள், தீவனத்தைக் குறையுங்கள், பம்பிலிருந்து வரும் மெல்லிய ஓட்டம் அந்த மூலையைத் தொடும்படி செய்யுங்கள்.

கேள்வி: மணல் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்? (காத்தான்குடி)

2 முதல் 4 சென்ரிமீற்றர் போதும். ஆழமான பழைய படுகையைத் திடீரெனக் கிளறாதீர்கள். ஒட்சிசன் இல்லாத அடியடுக்கில் உருவாகும், அழுகிய முட்டை போல் நாறும் ஹைட்ரஜன் சல்பைட்டு மீன்களுக்கு நஞ்சாகும்.

கேள்வி: மணலை வாயால் அள்ளிச் சலிக்கும் கோபி மீன் பவளங்களின் மேல் மணலைத் துப்புகிறது. (கல்முனை)

அது அந்த மீன் இரை தேடும் முறை, தடுக்க இயலாது. பவளங்களை உயர்ந்த கற்களில் வையுங்கள். கற்களை மணலின் மேல் அடுக்கியிருந்தால், மீன் அடியைத் தோண்டும்போது அவை சரிந்து கண்ணாடியை உடைக்கக்கூடும். ஆகவே கற்களை முதலில் அடிக்கண்ணாடியில் உறுதியாக அமர்த்தி, அவற்றைச் சுற்றி மணலை இடுங்கள். சிறிய தொட்டியின் மணலில் அந்த மீனுக்குப் போதிய இரை கிடைக்காமல் அது மெலிந்துபோவதே என் பெரிய கவலை. பெரிய தொட்டி உள்ளவருக்கு அதைக் கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: கச்சான் காற்று வீசும் காலத்தில் பம்பு திடீரெனக் குமிழிகளைக் கக்குகிறது; மணலும் கலங்குகிறது. ஏன்? (பொத்துவில்)

வரண்ட கச்சானில் நீர் விரைவாக ஆவியாகி மட்டம் இறங்குவதால், மேற்பரப்புக்கு அருகிலுள்ள பம்பு காற்றை உள்ளிழுக்கிறது. மட்டம் இறங்கியது தெரிந்ததும் பலர் பம்பைத் தாழ்த்துகிறார்கள். அதனால்தான் மணல் கலங்குகிறது. பம்பை அதன் இடத்திலேயே விட்டு, கண்ணாடியில் ஒரு கோடிட்டு, அந்த மட்டம் வரை தினமும் உப்பில்லாத வடிகட்டிய நீரை ஊற்றுங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும் என்பதால் உப்பு நீரை ஊற்றினால் உப்புத்தன்மை ஏறும். 25 பாகை செல்சியஸில் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பின் அளவை இது காட்டும்) 1.025 அளவில் நிற்க வேண்டும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் ஆகையால், அந்த மாதங்களில் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டிருக்க வேண்டும். மேலே ஒரு சிறிய மின்விசிறியை வைத்தால் வெப்பம் இரண்டொரு பாகை குறையும், ஆவியாதலும் கூடும். ஊற்றும் நீரின் அளவை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.