பொழுதுபோக்காக போக்கர் ஆடுவதில் நல்லது என்ன, கெட்டது என்ன?

கேள்வி கேட்டவர் கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். அலுவலக நண்பர்கள் வெள்ளிக்கிழமை இரவில் போக்கர் மேசைக்குக் கூப்பிடுகிறார்களாம். சின்னத் தொகைதானாம். போகலாமா, போனால் பிறகு விடமுடியாமல் ஆகிவிடுமா என்று பயப்படுகிறார்.

போகலாம். நானும் வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் ஃப்ளட்டில் பல வருடமாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் போகமுதல் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஆட்டத்தைப் பொழுதுபோக்காக ஆடுகிற ஒருவருக்குத் தான் கெட்டிக்காரனா, இல்லை வெறும் அதிர்ஷ்டக்காரனா என்பது அனேகமாகக் கடைசிவரை தெரியப்போவதில்லை. இதில் வரும் சந்தோசம், எரிச்சல், குடும்பச் சண்டை எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன். நாங்கள் ஆடுவது டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டுக் கவிழ்த்து, நடுவில் ஐந்து சீட்டுத் திறந்து. வீட்டு மேசையில் கதையும் சிரிப்புமாக ஆடினால் மணிக்கு ஏறக்குறைய 25 கை போகும். சீட்டுப் போட்டு ஒரு ஆட்டம் முடிவது ஒரு கை. நாலு மணித்தியாலத்துக்கு 100 கை. மாதத்தில் இரண்டு இரவு என்றால் 10,000 கை ஆட நாலு வருடத்துக்கு மேல் வேண்டும். இப்போது ஓரளவு நன்றாக ஆடும் ஒருவரை எடுங்கள். 100 கைக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் வெல்லக்கூடியவர் என்று வைப்போம். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கமுதலே கட்டவேண்டிய கட்டாயக் காசு. இந்த ஆட்டத்தில் 100 கைக்கு நியம விலகல், அதாவது முடிவு சராசரியில் இருந்து மேலும் கீழும் விலகும் அளவு, 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை வரும். உயர்தரத்தில் கணிதம் படித்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்: 10,000 கை முடிந்த பிறகும் அந்த நல்ல ஆட்டக்காரர் நட்டத்தில் நிற்பதற்கான வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல். அதே அளவு மறுபக்கமும் உண்மை. மோசமாக ஆடும் ஒருவர் நாலு வருடமும் லாபத்திலேயே இருந்து, மேசைக்கே பாடம் எடுத்துக்கொண்டிருக்கலாம். எங்கள் மேசையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவரும் இந்தத் தளத்தில் வாசிப்பவர்.

கரம்போர்ட் ஆட்டம் என்றால் இரண்டு ரவுண்டிலேயே யார் பெரியவர் என்று தெரிந்துவிடும். இதில் அந்த வசதி இல்லை.

ஒரு கையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் மேசையில் ஆளுக்கு 1000 ரூபா, பிளைண்ட் ஐந்தும் பத்தும். என்னிடம் ஹார்ட்ஸ் ஏஸும் டயமண்ட் கிங்கும். நடுவில் நாலு சீட்டு விழுந்திருக்கிறது: ஸ்பேட் கிங், ஸ்பேட் ஒன்பது, டயமண்ட் நாலு, கிளாவர் இரண்டு. பொட்டில், அதாவது நடுவில் சேர்ந்த காசில், 600 ரூபா. நான் 300 போட்டேன். எதிரே புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணை. அவரிடம் இருந்தது ஸ்பேட் எட்டும் ஏழும். கடைசிச் சீட்டு ஸ்பேடாக வந்தால் அவருக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. எங்கள் இருவர் கையிலும் மேசையிலும் தெரிகிற எட்டுச் சீட்டைக் கழித்தால் மிச்சம் 44. அதில் ஸ்பேட் ஒன்பது. ஐந்துக்கு ஒரு தடவைதான் விழும். 900 ரூபாவை வெல்ல 300 கட்டுவதென்றால் நாலுக்கு ஒரு தடவையாவது விழவேண்டும். ஆகவே சீட்டை மடக்கிப் போடவேண்டிய இடம்.

அண்ணை பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார். காசுக்குப் பதிலாக வைக்கும் சிப்ஸ் வில்லைகளை எண்ணவும் இல்லை, அப்படியே தள்ளிவிட்டார். கடைசிச் சீட்டு ஸ்பேட் மூன்று. நான் மேலே ஒரு சதமும் கட்டாமல் கவிழ்த்தேன். அவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டி, “பாத்தியோ தம்பி, எனக்கு முதலே தெரியும்” என்றார். மேசை முழுக்கக் கைதட்டல்.

அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் அதே 300 ரூபாவை அவர் திரும்பத் திரும்பக் கட்டினால், ஒவ்வொரு தடவையும் சராசரியாக ஐம்பது ரூபாவுக்குக் கொஞ்சம் மேல் எனக்குத் தந்துகொண்டிருப்பார். ஆனால் அன்றைக்குப் பொட் போனது அவர் பக்கம். பிழையான முடிவுக்குப் பரிசும் கைதட்டலும், சரியான முடிவுக்கு நட்டமும் கேலியும். இதை வாரக்கணக்காகச் சிரித்த முகத்தோடு சகிக்க முடியுமா என்று யோசியுங்கள். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது. முடியாதவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது, அவ்வளவுதான்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சின்ன வயதில் இருந்து 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகிய கை. 32 சீட்டு, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, எல்லாம் கூட்டினால் 304. அதில் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கடைசிவரை ஆடித்தான் ஆகவேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் சோடிக்கு ஏதாவது உதவலாம். நுகேகொடையில் இருந்து வரும் சிங்கள நண்பருக்கு ஓமி என்ற சோடிச் சீட்டாட்டம் ஆடிய பழக்கம், அவருக்கும் இதே கதை. போக்கரில் சோடி இல்லை, கடமையும் இல்லை. வருகிற கைகளில் பெரும்பாலானதைப் பார்த்தவுடன் எறியவேண்டும். கொழும்பு ட்ரஃபிக்கில் ஒரு மணித்தியாலம் நின்று வந்து, பத்துக் கையில் எட்டை எறிந்துவிட்டுக் கைகட்டிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? புதிதாக வருகிறவர்கள் காசு விடுவது ப்ளஃப்பில், அதாவது கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டிக் கட்டுவதில், இல்லை, இந்தப் பொறுமையின்மையில்தான். ப்ளஃப் என்றதும் ஞாபகம் வருகிறது: நண்பர் மேசையில் ப்ளஃப் அடித்துப் பெரிய பிரயோசனம் இல்லை. யாரும் மடக்கமாட்டார்கள்.

இரண்டு ஏஸ் சேர்ந்து வருவதே 221 கைக்கு ஒரு தடவைதான். அது வந்தாலும் தனி ஒருவருக்கு எதிராக 85 வீதம் வெற்றி. எதிரே எட்டுப் பேர் இருந்து யாரும் மடக்காமல் கடைசிவரை நின்றால் மூன்றில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எங்கள் மேசையில் எல்லாரும் நிற்பார்கள்.

சரி, இவ்வளவு எரிச்சலோடு ஏன் போகிறேன்? எனக்கு அந்த நாலு மணித்தியாலமும் வேறு எதுவும் தலைக்குள் வருவதில்லை. வங்கிக் கடனும் இல்லை, திங்கட்கிழமைக் கூட்டமும் இல்லை. அடுத்தவர் ஏன் 120 போட்டார், ஏன் 200 போடவில்லை என்பது மட்டும்தான். ஆட்களைக் கவனிக்கும் பழக்கமும் வருகிறது. மேலே சொன்ன அண்ணை பெரிய சீட்டு வந்தால் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவே மாட்டார். குடித்தார் என்றால் ஏதோ ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறார். இதை அவருக்கு நான் சொன்னதில்லை.

தெஹிவளையில் இருந்து ஒரு முஸ்லிம் நண்பர் வருவார். காசு வைத்து ஆடுவது மார்க்கத்தில் ஆகாது என்பதால், அவர் வரும் இரவுகளில் வெறும் சிப்ஸ்தான். சந்தோசமான இரவுகள். ஆனால் ஆட்டம் அடியோடு மாறிவிடும். ஏழையும் இரண்டையும் வைத்துக்கொண்டு, மிக மோசமான கை என்று பெயரெடுத்தது அது, “ஓல் இன்”, எல்லாவற்றையும் கட்டுகிறேன், என்று கத்துவார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் போக்கர் போக்கராக இருக்காது. அதனால்தான் அந்த 1000 ரூபா. போனால் ஒரு கொத்துரொட்டியும் குளிர்பானமும் போன மாதிரி இருக்கவேண்டும், ஆனால் எறிந்துவிட்டுப் போகவும் மனம் வரக்கூடாது. உங்கள் சம்பளத்துக்கு அந்த அளவு என்ன என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். நண்பர்கள் சொல்லும் அளவுக்கு இழுபடவேண்டாம்.

கெட்டதில் காசை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். முதலாவது நித்திரை. பதினொரு மணிக்கு முடிப்போம் என்று தொடங்குவது ஒரு மணிக்கும் முடியாது. தோற்றவர் “இன்னும் ஒரு ரவுண்ட்” என்பார், வென்றவர் எழும்பினால் மரியாதை இல்லை. நாங்கள் கண்ட வழி, கதவு நிலையில் எழுதி ஒட்டிய நேரம்: 11.30க்குக் கடைசிக் கை, யார் எந்த நிலையில் இருந்தாலும். இரண்டாவது, டில்ட் என்று சொல்வார்கள், தோற்ற கோபத்தில் கண்மண் தெரியாமல் ஆடுவது. சாதுவான மனிதர்கள்தான் இதில் மோசம். ஒரு பெரிய பொட்டை விட்ட பிறகு அடுத்த பத்துக் கையும் அவர்களுடையது இல்லை. எழும்பிப் போய் பல்கனியில் நின்றுவிட்டு வாருங்கள் என்று சொல்ல மேசையில் ஒரு ஆள் இருக்கவேண்டும்.

வீட்டில் கேட்பதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள். என் மனைவி ஒருநாள் சொன்னது: “வெண்டால் நீங்கள் கெட்டிக்காரன், தோத்தால் சீட்டுச் சரியில்லை. அப்பிடித்தானே?” மேலே நியம விலகல் என்று எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன், விடமுடியாமல் போவது. நான் பார்த்தவரையில் ஆட்களைப் பிடித்து இழுப்பது தோல்வியைவிட ஆரம்பத்தில் வரும் வெற்றிதான். நாலைந்து இரவு தொடர்ந்து வென்ற ஒருவர் தன்னைப் பற்றி ஒரு கதை கட்டிவிடுவார், பிறகு அந்தக் கதைக்குத் தகுந்த பெரிய மேசை தேடுவார். உலகளவிலும் இப்படித்தான் நடந்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் 86 டொலர் கட்டி ஆடிய ஒரு தகுதிச் சுற்றின் மூலம் போக்கர் உலகத் தொடருக்குப் போய், 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டொலர் வென்றார். மூன்றே வருடத்தில் அதே போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர். மற்ற 8,772 பேரின் கதையை யாரும் எழுதுவதில்லை.

ஆகவே மேசை எங்கே என்பது முக்கியம். நண்பர் வீட்டில் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுக்கிறார், மொத்தம் பூச்சியம். இடையில் ஒருவர் பங்கு எடுக்கத் தொடங்கினால் கணக்கே வேறு. எங்கள் மேசையில் ஆறு பேர், மொத்தம் 6000 ரூபா. பொட் சராசரியாக 200 என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 5 வீதம் எடுத்தால் 10 ரூபா, 100 கைக்கு 1000 ரூபா. ஒரு ஆளின் முழுக் காசும் யாரும் வெல்லாமலே மேசையை விட்டுப் போய்விடும். “வீட்டுச் செலவுக்கு ஒரு சின்னப் பங்கு” என்று யாராவது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அது நண்பர் மேசை இல்லை, சூதாட்ட இடம். பொலிஸ் வந்தால் விளங்கப்படுத்தவும் முடியாது. கொத்துக்கும் தேத்தண்ணிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது வேறு விஷயம்.

காசினோவை மறந்துவிடுங்கள். 2025 ஓகஸ்ட்டில் சினமன் லைஃப் ஹோட்டலில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் காசினோ திறந்த நேரம் எங்கள் அலுவலகத்திலும் கனபேருக்கு ஆசை வந்தது. கொழும்பின் காசினோக்கள் முக்கியமாக வெளிநாட்டுக்காரரை எதிர்பார்த்து நடப்பவை. இலங்கைக் குடிமகன் உள்ளே போவதற்கு டொலரில் கணக்கிடும் நுழைவு வரி இருக்கிறது. சீட்டை எடுக்கமுதலே நட்டம். அங்கே போக்கர் என்ற பெயரோடு இருக்கும் சில மேசைகளில் நீங்கள் ஆடுவது காசினோவுக்கு எதிராக, மற்ற ஆட்டக்காரருக்கு எதிராக இல்லை. நான் மேலே எழுதிய ஒன்றும் அதற்குப் பொருந்தாது.

இணையத்தில் காசு வைத்து ஆடுவதும் வேண்டாம். வேகம் ஒரு காரணம்: வீட்டில் ஓர் இரவில் ஆடுவதை அங்கே ஒன்றரை மணித்தியாலத்தில் ஆடிவிடுவீர்கள், இரண்டு மேசை திறந்தால் இன்னும் கெதியாக. தளம் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும், காசு சிக்கினால் யாரிடம் போய்க் கேட்பது? தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தெரிவே இல்லை, இந்திய நாடாளுமன்றம் 2025இல் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. வெறும் சிப்ஸ் வைத்து ஆடும் செயலிகள் பரவாயில்லை. 2022க்குப் பிறகு எங்கள் மேசையில் பாதிப் பேர் கனடாவுக்கும் மெல்பேர்னுக்கும் போய்விட்டார்கள். அவர்களோடு அப்படித்தான் ஆடுகிறோம், ஆட்டத்தைவிடக் கதைதான் கூட.

முதல் இரவுக்குப் போகும்போது 1000 ரூபாவுக்கு மேல் பையில் வைத்திருக்கவேண்டாம், கார்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள். எந்தக் கை எதை வெல்லும் என்ற வரிசையை மட்டும் ஃபோனில் வைத்திருங்கள். ஃப்ளஷ் பெரிதா ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த எண்ணில் ஐந்து சீட்டு) பெரிதா என்று நடுவில் கேட்டால் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்துவிடும். ஃப்ளஷ்தான் பெரிது.