ஆல் வீல் டிரைவ் கார் வாங்கியிருக்கேன், அப்பவும் விண்டர் டயர் வேணுமா? ரெண்டு மட்டும் போட்டா போதுமா?

வேணுங்க, நாலுமே வேணும்.

ஆல் வீல் டிரைவ்ல இன்ஜின் நாலு சக்கரத்தையும் சுத்துறதால ஸ்னோல சிக்காம வண்டிய கிளப்பும், மேடு ஏத்தும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பிரேக்கு எந்தக் கார்லயும் நாலு சக்கரத்துலயும்தான் பிடிக்குது, அதனால நிறுத்துறப்ப உங்க காருக்குன்னு தனி லாபம் கிடையாது, அங்க ரோட்டப் பிடிக்கிறது டயர் மட்டும்தான். சர்ருனு கிளம்புதேன்னு நம்பி வேகமா போயி, நிக்க வேண்டிய இடத்துல நிக்காம போறதுதான் எனக்கு ரொம்ப பயம்.

விண்டர் டயர்ல ரப்பரே வேற. கிட்டத்தட்ட 7 டிகிரிக்கு கீழ போனாலே சம்மர் டயர் இறுக ஆரம்பிச்சிடும், விண்டர் டயர் கடுங்குளிர்லயும் மெத்துனு இருக்கும், அதோட பிளேடால கீறுன மாதிரி பொடிப்பொடியா வெட்டு இருக்கும் பாருங்க, அந்த விளிம்புங்கதான் ஸ்னோவ கவ்வுறது. ஸ்னோவே விழாத வெறும் குளிர் ரோட்லயும் இதனாலதான் வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது டயர் பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஸ்னோஃப்ளேக் படம் இருக்கான்னு பாருங்க, அது ஸ்னோல டெஸ்ட் பண்ணி பாஸான டயருக்குத்தான் கிடைக்கும். வெறும் எம் பிளஸ் எஸ்னு (M+S, அதாவது சேறு, ஸ்னோ) போட்டிருந்தா கம்பெனி தானா போட்டுக்கிட்டது, டெஸ்ட் எதுவும் தேவையில்ல. ஜெர்மனில 2024 அக்டோபர்லருந்து அத விண்டர் டயரா ஏத்துக்கிறதே இல்ல. பழைய டயர் வாங்குறதா இருந்தா டயர் மேல இருக்கிற பள்ளத்தோட ஆழம் 4 மில்லிமீட்டருக்கு குறையாம இருக்கணும், பல நாட்டுல சட்டப்படி 1.6 போதும்தான், ஆனா அந்த ஆழத்த வச்சு ஸ்னோல ஓட்ட முடியாது.

ரெண்டு மட்டும் போடுற யோசனைய தயவுசெஞ்சு விட்ருங்க. முன்னாடி மட்டும் போட்டா வளைவுல பின்பக்கம் வழுக்கி வண்டி சுத்திடும், பின்னாடி மட்டும் போட்டா ஸ்டியரிங்க திருப்புனாலும் வண்டி நேராவே போகும். ரெண்டுல எது நடந்தாலும் ஆபத்துதான்.

போட்டப்புறம் காத்து அடிக்கடி பாருங்க, 5, 6 டிகிரி குளிர் கூடுனா ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கிடும். ஓட்டாம ஆறிப்போன டயர்லதான் அளக்கணும். அப்புறம் சக்கரம் மாத்தி ஒரு நூறு கிலோமீட்டர் ஓடுனதும் நட்டெல்லாம் மறுபடி டைட் பண்ணிப் பாத்துடுங்க, நிறையப் பேரு இத மறந்துடுறாங்க.