எல்லாம் தெரிந்த சொற்கள்தான், அர்த்தம் மட்டும் பிடிபடாது

கேள்வி இது: ஆங்கிலப் பேச்சில் அடிக்கடி வரும் இடியம்களின் (மரபுத்தொடர்களின்) பொருளைப் புரிந்துகொள்வது எப்படி? நூறு, இருநூறு என்று பட்டியலை மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. மனப்பாடம் செய்து பார்த்தவன் சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கும்போதே 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' தொடங்கி 'கிக் த பக்கெட்' வரை ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். அப்புறம் சென்னையில், இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கான சப்போர்ட் வேலையில் ஒன்பது வருடம் ஃபோனும் கையுமாக இருந்தேன். அந்த ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று சொன்னதில்லை. அவர்கள் ஊரில் மழைக்கு என்ன பஞ்சமா, பேச்சை ஆரம்பிப்பதே மழையில்தான், ஆனால் 'இட்ஸ் சக்கிங் இட் டவுன்' என்பார்கள், 'இட்ஸ் போரிங்' என்பார்கள் (கொட்டுகிறது என்கிற போரிங், அலுப்பூட்டும் போரிங் இல்லை, அதிலும் ஒருமுறை குழம்பியிருக்கிறேன்). நோட்டு பரணில் கிடக்கிறது.

என்னைக் கவிழ்த்தது வேறு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு வயதான அம்மா பேசினார், மூன்று நாளாக இணைய இணைப்பு விட்டு விட்டு வருகிறதாம். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி ஆறுதலாக, "உங்களுக்கு ரொம்ப எரிச்சலாகத்தான் இருக்கும்" என்றேன். அவர் "டெல் மீ அபவுட் இட்!" என்றார். அதைப் பற்றிச் சொல் என்கிறாரே, சொல்லாவிட்டால் மரியாதை இல்லையே என்று, இணைப்பு ஏன் எரிச்சலூட்டும் என்பதை அவருக்கே விளக்க ஆரம்பித்துவிட்டேன். வேலை நடக்காது மேடம், ஒவ்வொரு தடவையும் ரௌட்டரை அணைத்துப் போட வேண்டியிருக்கும் மேடம், என்று. எதிர்முனையில் சத்தமே இல்லை. பக்கத்து சீட் அக்கா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் முடிந்ததும், "டேய், அதை ஏன்ப்பா கேக்குறன்னு சொல்றாங்கடா அந்தம்மா" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நம்மிடமும் "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "அதை ஏன் கேக்குறீங்க" என்போம். அதற்கு ஒருவர், "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்" என்று காரணம் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த அம்மாவுக்கு நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

ஆகவே நான் கண்டவரை, நம்மைக் கவிழ்ப்பவை பட்டியலில் இருக்கும் விநோதமான தொடர்கள் இல்லை. வாளியை உதைத்தான் (செத்துப்போனான் என்று அர்த்தம்) என்று யாராவது சொன்னால், இதென்ன சம்பந்தமே இல்லாமல் வாளி என்று மனம் தானாக நின்றுவிடும், நின்றால் அகராதியைப் பார்த்துவிடுவோம். எல்லாம் எல்கேஜி சொற்களாக இருந்து, நேர்ப்பொருளும் ஓரளவு பொருந்தி வருகிறவைதான் ஆபத்து. 'யூ கேன் சே தட் அகெய்ன்' என்றால் திரும்பச் சொல் என்று அர்த்தமில்லை, 'சரியாச் சொன்னே' என்று அர்த்தம். ஃபோனில் 'ஐ வில் லெட் யூ கோ' என்றால் ஏதோ நமக்கு விடுதலை கொடுக்கிற மாதிரி இருக்கும், உண்மையில் பேசியது போதும், வைக்கிறேன் என்பதை நாசூக்காகச் சொல்கிறார்கள். நாம் "சரிங்க, உங்களுக்கும் வேலை இருக்கும்" என்று எழுந்திருப்பதில்லையா, அதே ரகம். இங்கெல்லாம் நாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதே நமக்குத் தெரியாது.

இதில் இங்கிலீஷ்காரர்களின் அடக்கி வாசிக்கும் பழக்கம் வேறு. 'நாட் பேட்' என்றால் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது மறுப்பு, குரல் எவ்வளவு தேனாக இருந்தாலும் சரி. 'க்வைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் சந்தோஷப்படலாம், இங்கிலாந்துக்காரர் சொன்னால் 'பரவாயில்லை' என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நமக்குத்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் அதை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. நேர் எதிர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு அறிக்கையை அவசரமாக 'டேபிள்' செய்ய வேண்டும் என்று சொல்ல, அமெரிக்க அதிகாரிகள் கூடவே கூடாது என்று மறுக்க, இரண்டு பக்கமும் விரும்பியது ஒன்றே என்று தெரிவதற்குள் நீண்ட சண்டையே நடந்ததாகச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரே மொழிக்காரர்களுக்கே இந்தக் கதி.

விளையாட்டிலிருந்து வந்தவற்றில் நமக்குப் பாதி சுலபம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆட்டத்திலிருந்து வந்த தொடர்களை யாரும் சொல்லித்தர வேண்டாம். 'ஸ்டிக்கி விக்கெட்'டுக்கு மட்டும் கொஞ்சம் பழைய கதை வேண்டும்: பிட்ச்சைத் தார்பாய் போட்டு மூடாத காலத்தில் மழையில் நனைந்து வெயிலில் காயும் பிட்ச்சில் பந்து கண்டபடி எகிறும், பேட்டிங் பிடிப்பவர் பாடு திண்டாட்டம், அந்த மாதிரி சங்கடமான நிலைமை. பேஸ்பால்தான் படுத்தும். 'ஸ்டெப் அப் டு த ப்ளேட்' என்று ஒரு அமெரிக்க மேனேஜர் மீட்டிங்கில் சொன்னபோது நான் சாப்பாட்டுத் தட்டையே நினைத்தேன், மணியும் பன்னிரண்டரை ஆகியிருந்தது. அது பேட் செய்பவர் பக்கத்தில் போய் நிற்கும் 'ஹோம் ப்ளேட்', தரையில் பதித்த வெள்ளைப் பலகை. பொறுப்பை ஏற்று முன்னால் வா என்று அர்த்தம். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் குத்துமதிப்பான தொகை.

பிறந்த கதை தெரிந்தால் பொருள் புரியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சிலவற்றுக்குப் புரியும். 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பதைக் கஷ்டமான தேர்வு என்றே பலர் எழுதுகிறார்கள். தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் குதிரை வாடகைக்கு விட்டவர், 1631-இல் இறந்தார். வாசலை ஒட்டி நிற்கும் குதிரையைத்தான் கொடுப்பார், எடுத்தால் எடு, இல்லையென்றால் நடந்து போ. அதாவது தேர்வே கிடையாது. இந்தக் கதையைக் கேட்டவர் பொருளை மாற்றிச் சொல்லவே மாட்டார். 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ'யும் அப்படி: 1801 கோபன்ஹேகன் சண்டையில், பின்வாங்கு என்று மேலதிகாரி கொடி காட்ட, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையில்லாத கண்ணில் வைத்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாராம். கண்டும் காணாமல் இருப்பது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் பிறப்புக் கதைகளை நம்ப வேண்டாம். கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் அந்தத் தொடர் வந்தது என்பது 1990-களின் கடைசியிலேயே மின்னஞ்சலில் சுற்றிய கப்சா. நாய் எதற்குக் கூரையில் ஏறிப் படுக்கிறது?

சரி, என்னதான் செய்வது? நான் செய்தது இவ்வளவுதான். பட்டியலை மூடிவிட்டு, காதில் விழுந்த முழு வாக்கியத்தையும் எழுதினேன், யார் யாரிடம் என்ன குரலில் சொன்னார் என்பதோடு. இரவு வீட்டுக்கு வந்து, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று போடுகிறார்களே, அந்த மாதிரி அகராதியில் பார்ப்பேன். அதில்தான் இது பேச்சு வழக்கு, இது பழசு, இது பிரிட்டனில் மட்டும் என்று குறிப்பு இருக்கும், அந்தக் குறிப்பு பொருளைவிட முக்கியம். பக்கத்தில் தமிழில் அதே சமயத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுதுவேன், மொழிபெயர்ப்பை இல்லை. பதில் பொருந்தாமல் எதிராளி மௌனமானால், நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்டுவிடுவேன். யாரும் கோபித்ததில்லை. நீங்களே எடுத்துப் பேசுவதற்கு அவசரம் வேண்டாம், புரிந்தால் போதும், பத்து முறை காதில் விழுந்தது தானாக வாயில் வரும்.

ஒன்பது வருடம் கழித்தும் சிரிப்பு வருவது ஒன்று உண்டு. ஒரு வேலை சுலபமாக முடிந்துவிடும் என்பதற்கு அவர்கள் 'பாப்ஸ் யுவர் அங்கிள்' என்பார்கள். நம்ம ஊரில் 'அவ்ளோதான், மேட்டர் ஓவர்' என்கிற மாதிரி. பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் (ராபர்ட்டைச் சுருக்கினால் பாப்), அதாவது சால்ஸ்பரி பிரபு, 1887-இல் தன் சகோதரி மகன் பால்ஃபரை அயர்லாந்து விவகாரத்துக்குப் பெரிய பதவியில் உட்காரவைத்ததால் வந்தது என்று ஒரு கதை உண்டு, ஆனால் தொடர் அச்சில் வந்ததே ரொம்பக் காலம் கழித்துத்தான் என்பதால் அகராதிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் ஒரு வாடிக்கையாளர், கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன், அண்ட் பாப்ஸ் யுவர் அங்கிள், சரியாகிவிட்டது என்றிருக்கிறார். தம்பி டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, மூடும்போது எழுதிய குறிப்பு: வாடிக்கையாளரின் உறவினர் திரு. பாப் உதவியுடன் பிரச்சினை தீர்க்கப்பட்டது.